இரத்தம் சொல்லும் சாட்சி

வாரக்கணக்கில் விடாத காய்ச்சல், இருமல், உடல் மெலிவு ஆகிய மூன்றும் ஒருவரிடம் ஒருங்கே காணப்பட்டால், நம் குடும்பங்களில் முதலில் எழும் ஐயம் காசநோயைப் பற்றியதாகவே இருக்கும். அவ்வையம் நியாயமானதே. காசநோய் நம் நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை. அதை முதலில் நினைப்பதும், காலத்தில் சளியைச் சோதிப்பதும் அறிவுடைமையாகும். ஆனால் அதே மூன்று குறிகளோடு வரக்கூடிய வேறொரு நோயும் உண்டு. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. காசநோய் மருந்துகளுக்குக் கட்டுப்படுவதுமில்லை. காலத்தில் கண்டுபிடித்தால் அதை அடக்கிவிடலாம். காலந்தாழ்த்தினால் சில வாரங்களிலேயே அது சிறுநீரகங்களைப் பறித்துக்கொண்டு போய்விடக்கூடும்.

அன்பிற்குரிய வாசகர்களே, வீடுதோறும் பேசப்படும் நோய்களையே இப்பகுதியில் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் நாம், இத்திங்கள் பெயர்கூடப் பலருடைய காதில் விழாத இந்நோயை எடுத்துக்கொண்டுள்ளோம். அரிய நோயைப் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். அரியது என்பதனாலேயே அது யாருடைய நினைவுக்கும் வராமல் போகிறது. நினைவுக்கு வராமையாலேயே நாள்கள் வீணாகின்றன. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. இந்நோயைக் கண்டறிய உதவும் இரத்தப் பரிசோதனை, ஆய்வகத்திலிருந்து வரும் தாளை எவ்வளவு நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தெளிவாகக் கற்பிக்கிறது. அப்பாடம் நம் அனைவருக்கும் உரியது.

கண்மாயும் வாய்க்காலும்

சிவகங்கைச் சீமையில் வாழும் நமக்குக் கண்மாயைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மாய் நிறைந்து ததும்பினாலும், மடையிலிருந்து வயலுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்கால் தூர்ந்துபோனால் பயிர் வாடும். வாய்க்காலின் கரை உடைந்தாலோ, நீர் வேண்டாத இடத்தில் பரவி வீணாகும். நம் உடலிலும் இதுவே நிகழ்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி, கிளை கிளையாகப் பிரிந்து, இறுதியில் தலைமயிரினும் மெல்லிய நுண்குழாய்களாகி, ஒவ்வோர் உறுப்புக்கும் இரத்தத்தைக் கொண்டு சேர்க்கிறது.

இக்குழாய்களின் சுவர் புண்பட்டு வீங்குவதையே இரத்தநாள அழற்சி என்கிறோம். மருத்துவர்கள் இதனை வாஸ்குலைட்டிஸ் என்பர். சுவர் தடித்தால் வழி அடைபட்டு, அப்பாலுள்ள உறுப்பு பட்டினி கிடக்கும். சுவர் பிளந்தால் இரத்தம் கசியும். இது தனியொரு நோயின் பெயரன்று. பல நோய்களைக் கொண்ட ஒரு குடும்பத்தின் பெயர். பெருங்குழாய்களைத் தாக்குபவை, நடுத்தரக் குழாய்களைத் தாக்குபவை, நுண்குழாய்களைத் தாக்குபவை என இக்குடும்பத்தை மருத்துவர்கள் வகுத்து வைத்துள்ளனர்.

நுண்குழாய்கள் உடலெங்கும் இருப்பதால், அவற்றைத் தாக்கும் வகை பல வேடங்களில் தோன்றும். மூக்கில் புண்ணும் பொருக்கும் கட்டி, அடிக்கடி இரத்தம் வடியும். காதில் சீழ் வடிந்து கேள்வி குறையும். கண் சிவந்து வலிக்கும். நுரையீரலைத் தாக்கினால் இருமும்போது இரத்தம் வரும். கால்களின் தோலில், விரலால் அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் தோன்றும். நரம்புக்குச் செல்லும் குழாய் அடைபட்டால், திடீரென்று ஒரு பாதம் தொங்கிப்போய், செருப்பு காலில் நில்லாது. இவை எல்லாவற்றினும் கொடியது சிறுநீரகத்தில் நிகழ்வதே. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 இலட்சம் வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொரு வடிகட்டியும் நுண்குழாய்களால் ஆகிய ஒரு முடிச்சே. அங்கே அழற்சி ஏற்பட்டால் பெரும்பாலும் வலி தோன்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறுநீரில் இரத்தமும் புரதமும் கலந்து வெளியேறும். நோயாளி உணர்வதற்குள் பாதி வடிகட்டிகள் பாழாகியிருக்கும்.

காவலே பகையானால்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் முகப்பிலேயே காவற்காரர் ஒருவர் இருப்பார். அந்நியரைத் தடுப்பதும் வீட்டாரை உள்ளே விடுவதும் அவர் கடமை. நம் உடலிலும் அத்தகைய காவல் உண்டு. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளோடு போரிடுகின்றன. அவற்றுள் ஒரு வகையின் வழிவந்த அணுக்கள் எதிர்ப்பொருள் என்னும் புரதங்களை உண்டாக்குகின்றன. ஓர் எதிர்ப்பொருள் குறிப்பிட்ட ஒரு பகைப்பொருளை மட்டுமே அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும். பற்றப்பட்ட பொருளை ஏனைய காவலணுக்கள் வந்து அழித்துவிடும்.

சிலருடைய உடலில் இவ்வேற்பாடு பிறழ்ந்து, தன் உடலின் பொருளையே பகையென்று கருதும் எதிர்ப்பொருள் உண்டாகிறது. இதற்குத் தன்னெதிர்ப்பொருள் என்று பெயர். நாம் இங்கே பேசும் நோயில் அது பற்றிக்கொள்வது காவலரையேதான். நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்கள், கிருமிகளைக் கொல்வதற்கான கூரிய நொதிகளைத் தம்முள் சுமந்து திரிகின்றன. அவற்றுள் புரோட்டினேஸ் 3 என்பதும் மையலோபெராக்சிடேஸ் என்பதும் இரண்டு. இவ்விரண்டில் ஒன்றுக்கு எதிரான தன்னெதிர்ப்பொருள் இரத்தத்தில் தோன்றி, அந்த அணுவைப் பற்றி உசுப்பிவிடுகிறது. உசுப்பப்பட்ட அணு, பகைவர் எவரும் இல்லாத இடத்தில், நுண்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு தன் படைக்கலங்களைக் கொட்டுகிறது. காவலர் எறிந்த கல்லால் வீட்டுச் சுவரே இடிகிறது.

இத்தன்னெதிர்ப்பொருளுக்கு மருத்துவர்கள் இட்ட சுருக்கப் பெயர் ஆன்கா என்பது. இவ்வொரு சொல்லை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நாற்பது ஆண்டுகளின் கதை

ஆன்கா அறியப்படுவதற்கு முன் இந்நோயாளிகளின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் தாக்கும் வகையை 1936-இல் ஜெர்மானியரான ஃபிரெடரிக் வேகனர் விவரித்தார். நெடுங்காலம் அவர் பெயராலேயே அந்நோய் அழைக்கப்பட்டது. அவருக்கு நாஜிக் கட்சியோடு இருந்த தொடர்பு பின்னர் வெளிப்பட்டமையால், 2011-இல் மருத்துவச் சங்கங்கள் அப்பெயரை விலக்கின, இன்று ஜி.பி.ஏ. என்னும் எழுத்துகளால் அது குறிக்கப்படுகிறது. 1958-இல் வால்ட்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 56 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். தக்க மருந்தில்லாத அக்காலத்தில், அவர்கள் வாழ்ந்த காலம் சராசரி ஐந்து மாதங்கள். 100-க்கு 82 பேர் ஓராண்டுக்குள் இறந்துபோயினர்.

மருந்து முதலில் வந்தது. பரிசோதனை பின்னர் வந்தது. ஸ்டீராய்டு மருந்தோடு சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் அடங்குவதை அமெரிக்காவில் ஃபௌசியும் உல்ஃபும் நிறுவினர். 1983-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 85 நோயாளிகளுள் 79 பேருக்கு நோய் முற்றிலும் அடங்கியிருந்தது. ஐந்து மாதத்தில் முடிந்துபோன வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆயினும் மருந்து இருந்து என் செய்ய? யாருக்கு அதைக் கொடுப்பது என்று உரிய நேரத்தில் தெரிய வேண்டுமல்லவா?

அவ்விடைக்கான முதல் அடி 1982-இல் ஆஸ்திரேலியாவில் வைக்கப்பட்டது. டேவிஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், சிறுநீரக அழற்சியுற்ற எட்டு நோயாளிகளின் இரத்தத்தில், நியூட்ரோஃபில் அணுக்களைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கண்டனர். கொசுவால் பரவும் ஒரு வைரஸ் காரணமாக இருக்கலாமோ என்று அவர்கள் ஐயுற்றனர். அச்செய்தி அப்போது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1985-இல் நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளைச் சேர்ந்த வான் டெர் வூட முதலிய ஆய்வாளர்கள், வேகனர் விவரித்த நோய்க்கும் இவ்வெதிர்ப்பொருளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டனர். 1988-இல் அமெரிக்கரான ஃபால்க்கும் ஜென்னட்டும் மையலோபெராக்சிடேஸுக்கு எதிரான மற்றொரு வகையைக் காட்டினர். 2002-இல் எலிகளுக்கு இவ்வெதிர்ப்பொருளைச் செலுத்தியபோது அவற்றின் சிறுநீரகங்களில் அதே அழற்சி தோன்றியது. ஆன்கா, நோயின் அருகில் நிற்கும் அடையாளம் மட்டுமன்று, நோயை விளைவிப்பதிலும் அதற்குப் பங்குண்டு என்பது அதனால் வலுப்பெற்றது.

1985-ஆம் ஆண்டுக் கட்டுரை தன் தலைப்பிலேயே இரண்டு கூற்றுகளை முன்வைத்தது. ஆன்கா நோயைக் கண்டறிய உதவும் கருவி என்பது ஒன்று. நோய் எவ்வளவு மும்முரமாக இருக்கிறது என்பதைக் காட்டும் குறி என்பது மற்றொன்று. முதற்கூற்றைக் காலம் பெருமளவு உறுதிப்படுத்தியது. இரண்டாவது கூற்றைப் பற்றிய வழக்கு நாற்பது ஆண்டுகளாகியும் முற்றிலும் முடிந்தபாடில்லை. இவ்விரண்டையும் தனித்தனியே காண்போம்.

நோயைக் கண்டறிதல்

காரைக்குடியில் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் ஐம்பது வயதுக் குடும்பத் தலைவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு மாதங்களாகக் காய்ச்சல், எடை குறைந்துவிட்டது, இருமலில் ஒருமுறை இரத்தம் கண்டது. மார்பின் எக்ஸ்ரே படத்தில் குழிவிழுந்த நிழல் ஒன்று தெரிகிறது. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எனினும் படத்தைப் பார்த்துக் காசநோய் மருந்து தொடங்கப்படுகிறது. ஆறு வாரங்களாகியும் குணமில்லை. மூக்கில் பல மாதங்களாகப் பொருக்குக் கட்டுவதை அவர் எந்த மருத்துவரிடமும் சொல்லவில்லை. இருமலுக்கும் மூக்குக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட்டார். சிறுநீரை யாரும் சோதிக்கவில்லை.

இவர் கற்பனை மனிதரே. ஆயினும் இவரைப் போன்றோரின் வரலாறு நம் நாட்டு மருத்துவ ஏடுகளில் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளது. ஜி.பி.ஏ. நோய் நுரையீரலில் உண்டாக்கும் குழி, காசநோய்க் குழியை அச்சாகப் பெயர்த்ததுபோல் இருக்கும். காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவரின் எண்ணம் அவ்வழியே செல்வதில் வியப்பில்லை. இத்தகைய நேரத்தில்தான் ஆன்கா பரிசோதனை பேருதவி புரிகிறது.

பரிசோதனையில் நோயாளி செய்ய வேண்டியது சிறிது இரத்தம் கொடுப்பது மட்டுமே. முன்பு கண்ணாடித் தகட்டில் நியூட்ரோஃபில் அணுக்களைப் பதித்து, நோயாளியின் இரத்தத் தெளிநீரை அதன்மேல் விட்டு, ஒளிரும் சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்ப்பதே முதற்படியாக இருந்தது. அணுவின் உட்பகுதி முழுதும் பச்சையாக ஒளிர்ந்தால் ஒரு வகை. நடுக்கருவைச் சுற்றி மட்டும் ஒளிர்ந்தால் மற்றொரு வகை. இன்று புரோட்டினேஸ் 3, மையலோபெராக்சிடேஸ் ஆகிய இரண்டையும் நேரடியாகக் குறிவைக்கும் பரிசோதனைகள் திருந்திய நிலையில் கிடைக்கின்றன. அவற்றையே முதலில் செய்யலாம் என்று 2017-இல் பன்னாட்டு வல்லுநர்கள் பரிந்துரைத்தனர். சிற்றூரில் எடுத்த இரத்தத்தையும் பெருநகர ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். ஆகவே நோயாளியே தொலைதூரம் அலைய வேண்டும் என்பதில்லை.

சாட்சியும் தீர்ப்பும்

ஆன்கா இருக்கிறது என்று தாளில் வந்துவிட்டால் நோய் உறுதியாகிவிட்டதா? இங்கேதான் நிதானம் வேண்டும்.

வழக்கு மன்றத்தில் ஒரு சாட்சி சொல்வதை மட்டும் கேட்டு நீதிபதி தீர்ப்பெழுதிவிடுவதில்லை. சாட்சி யார், எங்கே நின்று பார்த்தார், ஏனைய சான்றுகளோடு அவர் சொல் பொருந்துகிறதா என்றெல்லாம் ஆராய்வார். ஆன்காவும் அத்தகைய ஒரு சாட்சியே. காசநோய் உள்ளவர் சிலருடைய இரத்தத்திலும் அது தென்படுவதுண்டு. இதய வால்வில் கிருமி தங்கி நாள்பட்ட காய்ச்சலை உண்டாக்கும் நோயிலும், குடல் அழற்சி நோய் சிலவற்றிலும் அது தோன்றலாம். தைராய்டு மிகுதியாகச் சுரப்பதற்குக் கொடுக்கப்படும் புரோபைல்தையோயூராசில், இரத்த அழுத்தத்திற்கான ஹைட்ரலசின் போன்ற சில மருந்துகளாலும் அது வரக்கூடும். குறியொன்றும் இல்லாதவர்களுக்கெல்லாம் இச்சோதனையைச் செய்தால், வீண் அச்சமே மிஞ்சும்.

பிழையின் விலை இருபுறமும் பெரிது. இரத்தநாள அழற்சியைக் காசநோயென்று எண்ணி மாதக்கணக்கில் காத்திருந்தால் சிறுநீரகம் போகும். மெய்யாகவே காசநோய் உள்ளவருக்கு, ஆன்கா தாளை மட்டும் நம்பி, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தால், அடைபட்டுக் கிடந்த கிருமி உடலெங்கும் பரவும். ஆகையால் திறமுள்ள மருத்துவர் சளியை மீண்டும் சோதிப்பார். சிறுநீரை நுண்ணோக்கியில் பார்ப்பார். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவை அறிவார். தேவையானால் சிறுநீரகத்திலிருந்தோ மூக்கிலிருந்தோ ஊசிமுனையளவு சதையெடுத்துச் சோதிக்கச் சொல்வார். சதையெடுக்க வேண்டும் என்றவுடன் குடும்பத்தார் அஞ்சி, நோயாளியை வேறிடத்துக்குக் கொண்டு போய்விடுவதுண்டு. அது பெருந்தவறாகும். ஒரு சாட்சியின் சொல்லை உறுதிப்படுத்தும் மற்றொரு சாட்சி அச்சதைத் துணுக்கே.

இதன் மறுபுறத்தையும் சொல்லிவிடுவோம். ஆன்கா இல்லை என்று தாள் வந்தாலும் நோய் இல்லையென்று கூறிவிட முடியாது. மூக்கு, காது அளவிலேயே நிற்கும் நோயில் அது காணப்படாமற் போகலாம். ஆஸ்துமாவோடு சேர்ந்து வரும் இக்குடும்பத்து நோய் ஒன்றில், பாதிக்கு மேற்பட்டோரிடம் அது தென்படுவதேயில்லை.

எண் ஏறினால் நோய் ஏறிற்றா?

இனி இரண்டாவது கூற்றுக்கு வருவோம். மருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று கொள்வோம். இந்நோய்க்கு மீண்டும் தலைதூக்கும் இயல்பு உண்டு. ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை ஆன்காவை அளந்து, எண் ஏறியவுடன் மருந்தைக் கூட்டிவிட்டால் நோயை வருமுன் தடுக்கலாமே என்று எண்ணத் தோன்றும். மருத்துவர்களும் அவ்வாறே நம்பிக்கை கொண்டிருந்தனர்.

அனுபவம் வேறுவிதமாகக் கற்பித்தது. சிலருக்கு எண் ஏறி, ஆண்டுகள் பல கடந்தும் நோய் திரும்பவில்லை. சிலருக்கு எண் அசையாமல் இருக்கையிலேயே நோய் திரும்பிற்று. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களிடத்தும், ரிட்டுக்சிமாப் என்னும் ஊசிமருந்து பெற்றவர்களிடத்தும் எண்ணின் ஏற்றத்துக்குச் சற்றுக் கூடுதலான பொருளுண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் எண்ணை மட்டுமே கொண்டு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதே அமெரிக்க வாதநோய் மருத்துவச் சங்கம் 2021-லும், ஐரோப்பியக் கூட்டமைப்பு அதன் 2022-ஆம் ஆண்டுப் பரிந்துரையிலும் கூறிய முடிவு.

அவ்வாறாயின் எண் ஏறியதை என்ன செய்வது? ஊரணியில் நீர் கலங்கியிருப்பதைக் கண்டால் உடனே கரையை இடித்துக் கட்டுவதில்லை, சென்று பார்க்கிறோம். அதுபோல எண் ஏறிய நோயாளியை மருத்துவர் இன்னும் அடிக்கடி வரச்சொல்லி, உடலைச் சோதித்து, சிறுநீரையும் கிரியாட்டினினையும் பார்த்து வருவார். நாற்பதாண்டு அறிவியலுக்குப் பின்னும், நோய் சிறுநீரகத்துக்குத் திரும்புவதை அறிவிக்கும் முதற்செய்தி பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனையிலிருந்தே கிடைக்கிறது. அது எந்தச் சிறு மருத்துவமனையிலும் குறைந்த செலவில் செய்யக்கூடியது.

மருந்தை வீணாகக் கூட்டுவதில் என்ன கேடு என்றும் கேட்கலாம். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைத் தேய்க்கும். சைக்ளோஃபாஸ்ஃபமைடு பிள்ளைப்பேற்றின் ஆற்றலைக் குலைக்கக்கூடும். 2010-இல் அதற்கு இணையானதென்று நிறுவப்பட்ட ரிட்டுக்சிமாப், அடங்கியிருக்கும் மஞ்சட்காமாலை பி வைரஸைத் தட்டியெழுப்பவல்லது. நோயைக் காட்டிலும் தொற்றுகளால் இறந்தோரும் உண்டு. தாளில் ஏறிய எண்ணுக்காக உடலில் வாழும் மனிதரைத் துன்புறுத்தலாகாது.

சாட்சியே இல்லாத நோய்

இக்குடும்பத்து நோய்கள் எல்லாவற்றுக்கும் ஆன்கா போன்ற சாட்சி கிடைப்பதில்லை. நம் நாட்டில் இளம்பெண்களைத் தாக்கும் பெருங்குழாய் அழற்சி ஒன்று உண்டு. 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிக்கித்தோ டக்காயாசு கண்டு விவரித்தமையால் அவர் பெயரைப் பெற்றது. கைக்குச் செல்லும் தமனி சுருங்கிப்போவதால் மணிக்கட்டில் நாடி கிடைக்காது. ஆகவே நாடியில்லா நோய் என்றும் சொல்வர். துணி துவைத்தாலோ மாவு பிசைந்தாலோ கை சோர்ந்து விழும். தலைசுற்றல், மயக்கம் வரும். ஒரு கையில் இரத்த அழுத்தம் மிகுந்தும் மறுகையில் குறைந்தும் இருக்கும். சுருங்கிய கையில் மட்டும் அழுத்தத்தை அளந்தால், ஆபத்தான மிகையழுத்தமும் கண்ணுக்குத் தப்பிவிடும். இந்நோயைக் காட்டித்தரும் நம்பகமான தன்னெதிர்ப்பொருள் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை.

சாட்சி இல்லையென்று நம் நாட்டு மருத்துவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதும், கைவிட்ட நோயாளிகளை ‘வேலூருக்குக் கொண்டு போங்கள்’ என்று நம் பக்கத்தார் இன்றும் சொல்வதற்குக் காரணமானதுமாகிய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்நோயாளிகள் பெருமளவில் கவனிக்கப்படுகின்றனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் தேபாஷிஷ் தண்டா, இலட்சுமணபுரியைச் சேர்ந்த டாக்டர் ராம்நாத் மிஸ்ரா முதலியோர் ஒன்றுகூடி, நோயின் மும்முரத்தை அளப்பதற்கு இந்தியாவிலேயே ஒரு மதிப்பெண் முறையை வகுத்து, 2013-இல் வெளியிட்டனர். அதில் 44 குறிகள் உள்ளன. அவற்றுள் 33 இதயத்தையும் இரத்தநாளங்களையும் பற்றியவை. நாடி குறைந்ததா, கழுத்துக் குழாயில் இரைச்சல் கேட்கிறதா, கை சோர்கிறதா என்பன போன்றவற்றுள், கடந்த மூன்று மாதங்களில் புதிதாகத் தோன்றியவற்றுக்கும் மிகுந்தவற்றுக்கும் மட்டுமே மதிப்பெண். நோயாளியின் அருகில் அமர்ந்து, கையைப் பிடித்து, காதால் கேட்டுச் செய்யும் சோதனை இது. ஒரு தன்னெதிர்ப்பொருளும் உதவாத இடத்தில் மனிதக் கைகளே கருவியாயின.

குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோயும் இத்தகையதே. 1967-இல் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டொமிசாக்கு கவாசாகி அதனை விவரித்தார். ஐந்து நாள்களுக்கு மேல் நீளும் கடுங்காய்ச்சல், சீழின்றிச் சிவந்த கண்கள், வெடித்த உதடு, செந்நிற நாக்கு இவற்றைக் கொண்டே அதை அறிய வேண்டும். காலந்தாழ்த்தினால் இதயத்தின் குழாய்கள் வீங்கிவிடும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, காசநோய் மருந்து தொடங்கிச் சில வாரங்களாகியும் நோயாளி தேறவில்லையென்றால், மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் திரும்பிச் செல்ல வேண்டும். வேறு நோயாக இருக்கலாமோ என்று பணிவோடு கேட்பதில் பிழையில்லை.

இரண்டாவதாக, உடலின் எல்லாக் குறைகளையும் ஒரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூக்குக்கு ஒருவர், காலுக்கு ஒருவர், இருமலுக்கு ஒருவர் என்று பிரித்துக் காட்டினால், துணுக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பவர் யாருமில்லாமற் போவர்.

மூன்றாவதாக, நெடுநாள் காய்ச்சலில் சிறுநீர்ப் பரிசோதனையையும் இரத்த அழுத்தத்தையும் விட்டுவிடலாகாது. இளம்பெண்களுக்கு இரு கைகளிலும் அழுத்தத்தை அளக்கச் சொல்லலாம்.

நான்காவதாக, இரத்தம் துப்புதல், சிறுநீர் திடீரென்று குறைதல் அல்லது செந்நீராதல், ஒரு பாதம் தொங்கிப்போதல், பார்வை மங்குதல் ஆகியவை ஏற்பட்டால் ஒரு நாளும் தாமதியாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது; மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் நமக்கு எட்டாத தொலைவில் இல்லை. வாதநோய்களுக்கென்று தனித்துறை கொண்ட சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் வேலூருக்கும் அங்கிருந்து அனுப்பிவைப்பர்.

ஐந்தாவதாக, பழைய தாள்களையும் படங்களையும் தேதி வாரியாக ஒரு பையில் சேர்த்து வைக்க வேண்டும். ஒரு நாளில் எடுத்த எண்ணைக் காட்டிலும், ஈராண்டு எண்களின் போக்கே மருத்துவருக்குப் பொருள் தரும். இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் சோதித்தால் ஒப்பிடுவதற்கு எளிதாகும்.

ஆறாவதாக, நோய் அடங்கியபின் ‘நலமாகத்தானே இருக்கிறோம்’ என்று மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திருமணமான இளம்பெண்கள், கருவுற எண்ணுமுன்பே மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

வாசகர்களே, 1958-இல் ஐந்து மாதங்களாக இருந்த வாழ்நாளை, இன்று பேரக் குழந்தைகளைக் காணும் வரை மருத்துவம் நீட்டித் தந்திருக்கிறது. ஒரு துளி இரத்தத்தில் ஒளிரும் பச்சை நிறம் அதற்குத் துணை நின்றது. அத்துணையை உரிய நேரத்தில் நாடுவோம். தாள் வந்தபின் அதை மட்டும் மருத்துவரிடம் அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாமல், நோயாளியையும் உடன் அழைத்துச் செல்வோம்.